ஆயம்மாவின் முதுகு

முத்தியால்பேட்டை
6.4.2025, ஞாயிறு

தம்பி மதிக்கு,

நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று எனக்குப் புரிய நாலு நாள் ஆயிற்று. அதுவரை ஹைதராபாத்தில் சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று உனக்காக நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னோடு சினிமா செட் வேலைக்குப் போயிருக்கும் வடிவேலைக் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். காகிதத்தை உன்னால் தடுத்து வைக்க முடியாது அல்லவா?

சண்டை போட எழுதவில்லை. போட வேண்டியதை எல்லாம் பிப்ரவரியிலேயே போட்டு முடித்துவிட்டோம். இது சிலை விஷயம்.

நீ இரும்புக் கம்பிக்கூட்டை வெல்டிங் செய்து நிறுத்திவிட்டு, அதன் மேல் நான் ஒரு பிடி மண் வைப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போனாயே, அதன் மேல் இப்போது அம்மா நிற்கிறாள். பெரிய மார்க்கெட் இலை வியாபாரிகள் சங்கம் கேட்டது யாரோ ஒரு வியாபாரிப் பெண்ணை. யாரோ ஒருத்தி என்றால் என் கைக்கு வருமா? முப்பத்தோரு வருஷம் அங்கே வாழையிலை விற்ற எங்கள் அம்மா ஆயம்மாவைத்தான் செய்கிறேன் என்று தலைவர் கோவிந்தராசு அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் பக்கத்துக் கடை கொளஞ்சி அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

ஜூன் முதல் தேதி சிலையை நிறுத்த வேண்டும். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கோணியை நனைத்துப் போர்த்தி, அதன் மேல் பாலிதீன் சுற்றி, மறுபடி அவிழ்த்து, மறுபடி நனைத்து, இதே வேலையாக இருக்கிறேன். சோற்றுத் தட்டோடு சிலையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். உட்கார்ந்தால் எங்கோ ஒரு பக்கம் காய்கிற மாதிரி இருக்கிறது.

மண்ணில் செய்வதோடு என் படிப்பு முடிந்தது. அதிலிருந்து மோல்டு எடுத்து சிமெண்டில் வார்ப்பது உன் கை. கல்லூரிப் பட்டம் என்னிடம் இருக்கிறது, வேலை உன்னிடம் இருக்கிறது என்று நீயே எத்தனை முறை குத்திக்காட்டியிருக்கிறாய்! வந்து எடுத்துக் கொடு. பத்து நாள் போதும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதுகு உன் கம்பிப்படி நேராக இல்லை. நான் பார்த்தபடி வைத்திருக்கிறேன்.

அக்கா செல்வி

*

ஹைதராபாத்
11.4.2025

அக்கா,

கடிதம் வந்தது. நாலு பக்கமும் போட்டோ எடுத்து வடிவேல் நம்பருக்கு அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உன் நம்பரைத் திறக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, அப்புறம் அன்றைய வேலை கெடுகிறது.

இங்கே ஒரு கோட்டை வாசல் கட்டுகிறோம். நாற்பதடி உயரம். முன்னால் நின்று பார்த்தால் முந்நூறு வருஷத்துக் கருங்கல். பின்னால் வந்தால் சவுக்குக் கட்டையும் சணல் கயிறும். கேமரா பின்னால் வராது, அதனால் இங்கே எதற்கும் முதுகு கிடையாது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் சுற்றி வந்து குறை சொல்வதில்லை.

அம்மா முதுகைப் பற்றி அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். பத்தொன்பது வயதிலிருந்து தலையில் இலைக்கட்டு சுமந்தவள். அவ்வளவு சுமையை எடுத்துக்கொண்டு நடப்பவள் வளைந்தா நடப்பாள்? மார்க்கெட்டிலேயே நிமிர்ந்து நடக்கிற பொம்பளை அம்மாதான் என்று கோவிந்தராசு அண்ணனே சொல்வார். ஷார்ஜாவில் இருந்த இரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் அவளைப் பார்த்தேன். மெலிந்துபோயிருந்தாள், அதை ஒப்புக்கொள்கிறேன். கூன் இல்லை.

சாவுச் செய்தி வந்து நான் ஓடி வந்தபோதும் ஐஸ் பெட்டியில் நேராகத்தான் கிடந்தாள்.

நீ எதையோ கற்பனை செய்து வைத்திருக்கிறாய். போட்டோ அனுப்பு.

மதி

*

முத்தியால்பேட்டை
16.4.2025

மதிக்கு,

போட்டோ அனுப்ப மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. சுற்றி வந்து பார்க்க வேண்டிய ஒன்றை நாலு துண்டுப் படமாக்கினால் நீ எந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மீதியை ஒதுக்கிவிடுவாய்.

எழுதிக் காட்டுகிறேன். என் காலேஜ் வார்த்தைகளைப் பொறுத்துக்கொள்.

நம் ஷெட் வாசல் வழியாக நீ உள்ளே வருகிறாய் என்று வைத்துக்கொள். முதலில் கண்ணில் படுவது முகமல்ல, உச்சந்தலை. தலை அவ்வளவு முன்னால் வந்துவிட்டது. கொஞ்சம் குனிந்தால்தான் முகம் கிடைக்கும். பாதி விலைக்குக் கேட்டுவிட்டு நிற்பவனைப் பார்க்கிற அதே பார்வை. உனக்குச் சிரிப்பு வரும். வலது கையில் சும்மாட்டுத் துணியைச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். வியாபாரம் முடிந்தது, தலையில் சுமை இல்லை, வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இப்போது இடது பக்கம் வா. அந்தக் கை இடுப்பிலிருந்து விலகி வளைந்து நிற்கிறது, இலைக்கட்டை அணைத்த பழக்கத்தில். உள்ளே கட்டு இல்லை. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வெற்றிடம் மட்டும். இத்தனை மண் குழைத்து ஏற்றியிருக்கிறேன், ஆனால் எனக்கு அதிக நாள் பிடித்தது மண்ணே இல்லாத அந்த இடத்துக்குத்தான். கை ஒரு விரல்கடை நெருங்கினால் இடுப்பு வலியில் நிற்கிறவள் ஆகிவிடுகிறாள். ஒரு விரல்கடை விலகினால் நாட்டியம் ஆடுகிறாள். மூன்று முறை வெட்டி வைத்தேன்.

அங்கேயே நின்று விளிம்பைப் பார். குதிகாலில் புறப்படுகிற கோடு இடுப்பு வரை கம்பிக்கூட்டின் நடுவில் நீ நிறுத்திய பைப்பைப்போல நேராக ஏறுகிறது. அங்கே ஒரு நிமிஷம் யோசித்து நிற்கிறது. பிறகு பின்னால் புடைத்து, முன்னால் விழுகிறது.

பின்னால் வர நீ விரும்ப மாட்டாய். வா. கூரையில் ஒரு கண்ணாடி ஷீட் போட்டாயே, பதினொரு மணிக்கு அதன் வழியாக வெயில் இறங்கி நேராக முதுகின் மேட்டில் உட்காரும். அந்த நேரத்தில் முகம் முழுக்க நிழல். முகத்தை ஈரத்துணியால் தேய்த்து வழவழப்பாக்கினேன். முதுகை அப்படிச் செய்யவில்லை. என் விரல் தடம் அத்தனையும் அங்கே அப்படியே இருக்கிறது. எனக்கு அந்த முதுகு கண்ணால் தெரிந்ததல்ல மதி. ஒன்றரை வருஷம் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தெரிந்தது. எந்த எலும்பு எவ்வளவு எழும்பியிருந்தது என்று இப்போது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன்.

சொல்லிவிட்டேன். இதில் எது கற்பனை என்று நீ எழுது.

செல்வி

*

ஹைதராபாத்
21.4.2025

அக்கா,

நன்றாகத்தான் எழுதுகிறாய். அந்த இடது கையை நான் பார்த்துவிட்டேன். அது அம்மாதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

முதுகுக்கு வருகிறேன். நான் நிறுத்திய பைப்பு கழுத்து வரை நேராகப் போகிறது. நீ அதை வெட்டியதாக எங்கும் எழுதவில்லை. அப்படியானால் பின்பக்கம் பைப்புக்கு வெளியே ஒரு சாண் மண் எந்தப் பிடிமானமும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. தலையை எதில் முட்டுக் கொடுத்து முன்னால் கொண்டுவந்தாய்? மரத்துண்டைக் கட்டிவிட்டிருப்பாய். இதெல்லாம் நிற்காது. நாலு வருஷம் படித்தவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற நீ தண்ணீரைக் கூட்டுவாய், மண் இளகும், ஒருநாள் மொத்தமாக இறங்கிவிடும்.

அதனால் அதிகமாக இருக்கிற மண்ணைச் செதுக்கிவிடு. பைப்பு எப்படியோ அப்படி முதுகு. இரண்டு நாள் வேலை. செதுக்கியதும் எழுது, வந்து மோல்டு எடுக்கிறேன்.

இன்னொன்று. கோவிந்தராசு அண்ணனுக்கு போன் செய்தேன். சிலையைச் சந்து நடுவில் வைக்க வேண்டாம், ஆபீஸ் சுவரை ஒட்டி வைத்தால் வண்டி இடிக்காது என்று சொன்னேன். அவரும் சரி என்றார்.

கோபப்படாதே. அந்த மார்க்கெட்டில் ஊரே வந்து போகிறது. அம்மாவைக் கூன் போட்ட கிழவியாக அதன் நடுவில் நிறுத்தினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இந்தப் பொம்பளைக்குப் பிள்ளையே இல்லையா என்றுதானே நினைப்பான்?

மதி

*

முத்தியால்பேட்டை
26.4.2025

மதிக்கு,

கோவிந்தராசு அண்ணனுக்கு போன் போடத் தெரிகிறது, எனக்குப் போடத்தான் உனக்குக் கை வரவில்லை. நன்றாயிருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. ஷெட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்த ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன். வாக்கு வாங்கியவள் போய்விட்டாள். கேட்டுக்கொள்.

நீ ஷார்ஜாவுக்குப் போன ஐந்தாவது மாதம் அம்மா பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்தாள். முதுகுத்தண்டில் இரண்டு எலும்பு நசுங்கியிருக்கிறது, எலும்பில் பலம் இல்லை, மேலும் நசுங்கும் என்று டாக்டர் சொன்னார். அப்படியே நசுங்கியது. மாதத்துக்கு மாதம் குனிந்துகொண்டே போனாள். அப்படியும் கடைக்குப் போவதை விடவில்லை. இலைக்கட்டைக் கொளஞ்சி அக்கா சுமந்தாள், அம்மா பின்னாலேயே சும்மாட்டுத் துணியை மட்டும் பிடித்துக்கொண்டு போவாள்.

வெள்ளிக்கிழமை உன் கால் வருவதற்கு அரை மணி முன்னால் நல்ல புடவை ஒன்றைக் கட்டிவிடச் சொல்வாள். பீரோவை ஒட்டி உட்கார வைத்து, இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று தலையணை சொருகி நிமிர்த்துவேன். வலியில் பல்லைக் கடிப்பாள். அரிசி டிரம் மேல் போனைச் சாய்த்து, மார்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி வைப்பேன். சரியாகத் தெரிகிறதா என்று அவளே ஒருமுறை பார்த்துக்கொள்வாள். நீ பேசிய இருபது நிமிஷமும் அப்படியே சிரித்துக்கொண்டிருப்பாள். நீ வைத்ததும் தலையணையை உருவுவேன்.

"அவங்கிட்ட வாயத் தொறக்காத. கான்ட்ராக்ட்டு முடியட்டும். தெரிஞ்சுதுன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவான். அப்பறம் அவன் பொழப்பு இன்னா ஆவறது?" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

பெட்டியில் நேராகக் கிடந்தாள் என்கிறாய். மூன்று தலையணை வைத்தோம். அவற்றின் மேல் மாலையைப் பரப்பியது நான்தான்.

ஆக, உன்னை ஏமாற்றியது அம்மா மட்டுமல்ல. போனைப் பிடித்தவள் நான். எவ்வளவு தெரிய வேண்டும், எவ்வளவு தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தவள். ஒன்றரை வருஷம் அந்த வேலையைச் செய்துவிட்டு, சிலையிலும் அதையே செய் என்று நீ சொன்னால் என்னால் முடியாது. எனக்கு அலுத்துவிட்டது மதி. ஒருமுறையாவது அவளை முழுதாக நிறுத்த வேண்டும்.

செல்வி

*

ஹைதராபாத்
1.5.2025

அக்கா,

நீ போனை ஒரு சாண் திருப்பியிருந்தால் போதும். நான் வந்திருப்பேன்.

பிழைப்பு என்ன ஆகும் என்று அவள் கேட்டாளாம், நீ தலையாட்டினாயாம். ஷார்ஜாவில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பூங்காவுக்கு ஃபைபரில் ஒட்டகம் வார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லாத ஒட்டகம், அறுபத்திரண்டு. அதற்காக என் அம்மாவை எனக்குக் காட்டாமல் இருந்திருக்கிறீர்கள்.

நீ அவள் முதுகைத் தேய்த்தாய் என்று பெருமையாக எழுதுகிறாய். எனக்கும் ஒருநாள் தேய்க்கக் கொடுத்திருக்கலாம். எனக்கு முகத்தை மட்டும் கொடுத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொண்டாய். இப்போது சிலையைச் சாக்காக வைத்து, எனக்குத் தெரியாத அம்மாவை ஊருக்கெல்லாம் காட்டப்போகிறாய்.

நான் வர மாட்டேன். மோல்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள். விழுப்புரம் பக்கம் இராமதாஸ் என்று ஒருவர் இருக்கிறார், விசாரி.

இனி எழுதாதே.

மதி

*

முத்தியால்பேட்டை
9.5.2025

மதி,

எழுதாதே என்றாய். எழுதாமல் முடியவில்லை.

முதுகு விழுந்துவிட்டது.

எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நெல்லித்தோப்பிலிருந்து நம் சித்தி மகள் கமலா வந்து தண்ணீர் தெளிக்கிறேன் என்றாள். பாவம், காய்ந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் ஹோஸ் பைப்பைப் பிடித்துவிட்டாள். நேற்று காலை போய் கோணியை அவிழ்த்தேன். நீ எழுதியது அப்படியே நடந்திருக்கிறது. தோளிலிருந்து இடுப்பு வரை மண் மொத்தமாக இறங்கித் தரையில் கிடக்கிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நடுவில் உன் பைப்பு மட்டும் துரு ஏறி நேராக நிற்கிறது.

கமலா அழுகிறாள். அவள்மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. முதல்நாளே அந்தப் பைப்பை இடுப்புக்கு மேலே வெட்டி வளைத்திருக்க வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது. அன்றே வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவர் கட்டரை எடுத்ததும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அம்மாவுக்காக நீ உன் கையால் செய்தது அது ஒன்றுதான். அதன்மேல் ரம்பம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் மேலே மேலே மண்ணை அப்பிக்கொண்டே போனேன். உள்ளே உன் அம்மா, வெளியே என் அம்மா. எப்படி நிற்கும்?

கோவிந்தராசு அண்ணன் வந்து பார்த்தார். "இன்னாம்மா இது, பின்னாடி அப்படியே உட்டுடு. செவுத்த ஒட்டித்தான வைக்கப் போறோம், யாரு பாக்கப் போறா?" என்றார். ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறேன்.

நீ எழுதியதை யோசித்தேன். உனக்கும் ஒருநாள் தேய்க்கக் கொடுத்திருக்கலாம். உண்மைதான்.

சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. நீ சொன்னபடியே செய்துவிடுகிறேன். உன் கம்பி எப்படியோ அப்படி நேராக வைத்து மூடிவிடுகிறேன். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். நீ வந்து மோல்டு மட்டும் எடுத்துக் கொடு. வேறு யாரும் அவளைத் தொட வேண்டாம்.

செல்வி

*

ஹைதராபாத்
13.5.2025

அக்கா,

நேராக்காதே.

கீழே விழுந்த மண்ணைத் தனியாக மூடி வை. மீதி மண்ணுக்கு இன்று முதல் தண்ணீர் ஊற்றாதே, ஈரத்துணி போதும். தலைக்கு அடியில் சவுக்குக் கட்டை ஒன்று முட்டுக் கொடு, கயிற்றால் இழுத்துக் கூரைக் குழாயில் கட்டு. இடது கையைத் தொடாதே. காய்ச்சலோடு நீ பக்கெட் எதையும் தூக்காதே, கமலாவைத் தூக்கச் சொல்.

கட்டிங் மெஷின் அங்கேதானே இருக்கிறது? அதற்கு பிளேடு மூன்று வாங்கி வை.

ஷெட் சாவியை எங்கே வைக்கிறாய் இப்போது? பழைய இடத்திலேயா?

மதி

*

முத்தியால்பேட்டை
8.6.2025

தம்பி மதிக்கு,

வந்தாய், பதினோரு நாள் இருந்தாய், சிலையை மார்க்கெட்டுக்கு ஏற்றுவதற்கு முதல்நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். போனால் போகட்டும். அந்தப் பதினோரு நாளில் நாம் பேசியது எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் வராது. "அந்த ஸ்பேனர எடு", "டீ வந்துருச்சி", "கொஞ்சம் தள்ளு". அவ்வளவுதான்.

ஆனால் அந்த முதல்நாளை என்னால் மறக்க முடியவில்லை. நீயே கட்டரைப் போட்டு உன் பைப்பை அறுத்தாய். மேல்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ சாயணும், காட்டு" என்றாய். நான் அளவு சொல்லவில்லை. உன் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். "போதுமா?" என்றாய். "இன்னும்" என்றேன். "இன்னுமா?" என்றாய். "இன்னும் கொஞ்சம்டா" என்றேன். நீ வெல்டிங் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் கழற்றாமலே இருந்தாய்.

நான் மறுபடி மண் ஏற்றிய முதுகின்மேல் நீ மோல்டின் முதல் பூச்சை பிரஷ்ஷால் போடாமல் உள்ளங்கையால் போட்டாயே, ஃபைபர் வேலையில் யாராவது அப்படிச் செய்வார்களா? அந்த ரசாயனத்தில் கை வெந்திருக்குமே. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

சிலை இலைக்கடைச் சந்து நாலாகப் பிரியும் இடத்தில்தான் நிற்கிறது. சுவர் பக்கம் இல்லை. நீதான் அண்ணனிடம் போய்ப் பேசியிருக்கிறாய் என்று பிறகு தெரிந்தது. தங்கக் கலர் அடிக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது, கொளஞ்சி அக்கா போட்ட சத்தத்தில் அடங்கிவிட்டது. சிமெண்ட் நிறத்திலேயே நிற்கிறாள். பின்பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் முதுகைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் தட்டிக்கொடுக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த மேடு கறுத்து வழவழப்பாகிவிட்டது. என் விரல் தடம் எதுவும் மிஞ்சாது போலிருக்கிறது.

இன்னொரு கூத்து. நான் மூன்று முறை வெட்டி வைத்தேனே அந்த வெற்றிடம், கைக்கும் இடுப்புக்கும் நடுவில்? கொளஞ்சி அக்கா காலையில் வந்ததும் இலைக்கட்டை அதில் செருகி வைத்துவிட்டுத்தான் கடை விரிக்கிறாள். சரியாகப் பொருந்துகிறது.

எனக்குத்தான் கை காலெல்லாம் பரபரவென்று இருக்கிறது. மணிக்கொருமுறை எழுந்து கோணியை நனைக்கப் போகிறேன். அங்கே நனைக்க ஒன்றுமில்லை. நேற்று ஷெட்டைப் பெருக்கும்போது கவனித்தேன். மோல்டின் முன்பாதி மட்டும் மூலையில் கிடக்கிறது. பின்பாதியைக் காணோம். கமலா எடுக்கவில்லை என்கிறாள். உனக்கு ஏதாவது தெரியுமா?

சாய்ந்து உட்கார்ந்தே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். வாயுப்பிடிப்பு, வேறொன்றுமில்லை.

செல்வி

*

ஹைதராபாத்
15.6.2025

அக்கா,

நான்தான் எடுத்தேன். பஸ்ஸில் மேலே போட விடவில்லை, அதனால் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டுக்காரர் ஆமை ஓடா என்று கேட்டார்.

வந்த மறுநாளே பிளாஸ்டரில் ஒன்று வார்த்தேன். முதுகு மட்டும். என் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். வடிவேல் பார்த்துவிட்டு, முகம் எங்கே, யாரென்று எப்படித் தெரியும் என்றான். எனக்குத் தெரியும் என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வெளியூர் வேலைக்குப் போகும்போதெல்லாம் அம்மா பஸ் ஸ்டாண்டு வரை வருவாள். பஸ் திரும்பும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நான் ஜன்னலில் இருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போவேன். நான் போன பிறகு அவள் திரும்பி நடந்திருப்பாள் இல்லையா? அதை ஒருநாளும் பார்த்ததில்லை. பெற்ற தாய் என்னை விட்டு நடந்து போவதைப் பார்த்ததில்லை. இப்போது கட்டிலில் படுத்தால் எதிரே அதுதான் தெரிகிறது. முதல் இரண்டு நாள் அழுதேன். இப்போது அழவில்லை. வேலையிலிருந்து வந்ததும் ஒருமுறை கையை வைத்துப் பார்க்கிறேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. முழுக்கப் போகவில்லை. கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

அக்கா, அங்கே இருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நீ மண் பக்கெட்டைத் தூக்கிவிட்டு நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கிறாய். கேட்டால் வாயு என்கிறாய். போன கடிதத்திலும் வாயு என்கிறாய். டீ குடிக்கும்போது சுவரில் சாயாமல் உன்னால் உட்கார முடியவில்லை. அம்மாவும் முதலில் வாயு என்றுதான் சொல்லியிருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். போனை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நில். தலையணை எதுவும் வேண்டாம். நல்ல புடவை வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம்.

மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் காட்டு.

மதி